நிமிடம் குறிக்க முடியாத குறை: யாழ்ப்பாணத்து இளம் இசையாக்குநர் ஒருவர் தன் பாடலை அழித்ததும் மீண்டும் செய்ததும்

வீட்டிலிருந்து இசை செய்யும் ஓர் இளைஞர், முக்கால்வாசி முடிந்திருந்த தன் பாடலைக் கணினியிலிருந்து முழுதாக அழித்தார். பிறகு அதே பாடலைத் திரும்பச் செய்து வெளியிட்டார். இரண்டுக்கும் இடையில் நடந்ததை இங்கே பதிகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் யாழ்ப்பாணத்தில் சிறியதொரு ஒலிப்பதிவு அறை வைத்திருப்பவன், மிக்ஸிங், அதாவது பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் வேலை, சொல்லிக்கொடுப்பவன். இதில் வரும் கணிப்புகள் ஒலிவேலை தெரிந்த ஒருவரின் கணிப்புகள்.

பின்னணி

இளைஞருக்கு அப்போது 23 வயது. பகலில் நகரில் ஒரு போன் கடையில் வேலை. இரவில் வீட்டார் படுத்த பிறகுதான் லப்டொப்பைத் திறப்பார். எஃப்.எல். ஸ்ரூடியோ என்ற இசை மென்பொருள், மைக்கைக் கணினியோடு இணைக்க கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன், மேசையில் இரண்டு சிறிய ஸ்பீக்கர், இவ்வளவுதான் சாமான். சங்கீதம் முறையாகப் படிக்கவில்லை. உயர்தரம் படித்த காலத்தில் யூரியூப் பார்த்து பீட் செய்யப் பழகியவர். இன்று குடாநாட்டில் இப்படி நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களுக்கு இசை போட்டுக் கொடுத்துக் கொஞ்சம் காசும் பார்க்கிறார்கள்.

இவரும் அந்த வேலை செய்தார். அதில் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. கேட்ட நாளுக்குக் கொடுத்துவிடுவார், கொடுத்ததை மறந்தும்விடுவார். சொந்தப் பாடல் என்று வந்தால் மட்டும் முடிக்கமாட்டார். எட்டு பார் (தாளச் சுற்று), பதினாறு பார் என்று தொடங்கி விட்ட துண்டுகள் கணினி நிறையக் கிடந்தன.

அவற்றில் ஒன்று மட்டும் பாடலாக வளர்ந்தது. காரணம் அவருடைய அக்கா, பெரியம்மாவின் மகள். மருதனார்மடத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் வாய்ப்பாட்டுப் படித்தவர். இப்போது பிள்ளைகளுக்குச் சங்கீத வகுப்பு எடுக்கிறார். அம்மம்மா பாடிய ஒரு தாலாட்டின் நினைவில் வரிகளை எழுதி, மெட்டும் அவரே போட்டார். வகுப்பு முடிந்த பின்னேரங்களில் தம்பியின் அறையில், சத்தம் விழாமலிருக்க ஃபானை நிற்பாட்டிக் கதவைச் சாத்தி, சித்திரை வெக்கையில் பாடினார். எல்லாப் பதிவும் அந்த ஒரு லப்டொப்பில் மட்டும் இருந்தது.

அழிப்பு

ஒரு நாள் இரவு இளைஞர் அந்த ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கினார். யாரோடும் சண்டை இல்லை, யாரும் எதுவும் சொல்லவுமில்லை. “கேக்கக் கேக்க அருவருப்பாக் கிடந்தது அண்ணை” என்பதுதான் பின்னர் என்னிடம் சொன்ன காரணம். அழித்த அன்று நிம்மதியாக நித்திரை வந்ததாம்.

அக்காவுக்கு இது தெரிய வந்தது சில கிழமை கழித்து, “எப்ப முடியும்?” என்று அவர் கேட்டபோது. அதோடு தம்பியுடன் கதைப்பதை நிற்பாட்டிவிட்டார். என்னிடம் முதலில் வந்தவரும் அக்காதான். அழிந்த பதிவுகளை மீட்க முடியுமா என்று கேட்டார்.

முயன்றோம், கிடைக்கவில்லை. லப்டொப்பில் இருந்தது எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பு. அதில் ஒன்றை அழித்தால் அந்த இடத்தைத் துடைத்துவிடலாம் என்று இயங்குதளம் தானே அறிவித்துவிடும். ட்ரிம் என்பார்கள். பழைய சுழல் ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்ட கதைகளை நம்பி இருக்கக் கூடாது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அரைகுறை மிக்ஸ் ஒன்றை இளைஞர் முன்னர் எம்பி3 ஆக வட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பியிருந்தார். கனடாவில் மாமாவின் போனில் அது அப்படியே இருந்தது.

கேட்டபோது தெரிந்தவை

அந்த எம்பி3ஐ முதன்முதலாகக் கேட்டபோது எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். மெட்டு நல்லது. குரல் மிக நன்றாக இருந்தது. பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, அளவுக்கு மிஞ்சிக் குமுறியது. தவில் சத்தம் பொய்யாக இருந்தது. இரண்டாவது சரணத்தில் சாமான் கூடிக் குரல் அமுங்கியது. திருத்த வேண்டிய பாடல்தான். அழிக்க வேண்டியதல்ல.

இளைஞரைக் கூப்பிட்டு, என்ன பிழை என்று கேட்டேன். “எல்லாமே” என்றார். அந்தப் பதிலை வைத்து யாராலும் வேலை செய்ய முடியாது. ஆகவே ஒரு கொப்பியைக் கொடுத்து, பாடலை ஓடவிட்டு, பிடிக்காத ஒவ்வொன்றையும் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது செக்கன் என்று போட்டு எழுதச் சொன்னேன்.

முதல் பக்கத்தில் வந்தவை தெளிவாக இருந்தன: 0:42 தவில் சரியில்லை, 1:10 பேஸ் குமுறுது, 1:35 அக்காவின்ரை குரல் அடிபடுது. பெரும்பாலும் என் காதும் அதையேதான் சொன்னது. அடுத்த பக்கத்தில் நேரம் இல்லாத வரிகள் வரத் தொடங்கின. “சின்னப்பிள்ளை வேலை மாதிரிக் கிடக்கு.” “சென்னையில செய்யிற மாதிரி இல்லை.” “நான் சங்கீதம் படிக்கேல்லை.” “இதைப் போட்டா ஆக்கள் என்ன சொல்லுவினம்.” இவற்றுக்கு எந்த நிமிடம் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, குறிக்க முடியவில்லை என்றார்.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம் இது. பிடிக்கவில்லை என்ற ஒரே உணர்வுக்குள் இரண்டு வகை இருந்தன. ஒன்று பாடலைப் பற்றியது. மற்றது பாடலுக்குள் எங்கும் இல்லாதது, அதனால் பாடலைத் திருத்தித் தீர்க்க முடியாதது. ஆனால் அவர் மாதக்கணக்காக அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார். இரண்டாவது சரணத்தில் ஏன் இவ்வளவு சாமான் என்று கேட்டபோது, ஸ்ட்ரிங்ஸ் (வயலின் வகை ஒலி), பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி), இன்னொரு சிந்த் (மின்னணு ஒலி), இன்னொரு தாளம் என்று ஒவ்வொன்றும் “சின்னப்பிள்ளை வேலை” என்ற எண்ணம் வந்த இரவுகளில் சேர்த்தவை என்று தெரிந்தது. வெட்கத்தை மறைக்கச் சேர்த்தவை அக்காவின் குரலை மறைத்தன. அது கேட்டு வெட்கம் இன்னும் கூடியது.

அவர் கேட்ட நிலைமைகளும் அந்த வெட்கத்துக்குத் தீனி போட்டன. தன் மிக்ஸை நேரடியாகச் சினிமாப் பாடல்களோடு வைத்துக் கேட்பது அவர் வழக்கம். அளந்து பார்த்தேன். எல்.யூ.எஃப்.எஸ். என்பது பாடலின் சத்தத்தை அளக்கும் அலகு; பூச்சியத்துக்குக் கிட்ட வர வரச் சத்தம் கூட, ஓர் அலகு ஒரு டெசிபல். அவருடைய எம்பி3 சுமார் -19 எல்.யூ.எஃப்.எஸ்., அவர் ஒப்பிட்ட பாடல் சுமார் -8, அதாவது பதினொரு டெசிபல் கூட. பத்து டெசிபல் வித்தியாசம் என்றால் காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்புச் சத்தமாகப் படும். இரண்டில் சத்தம் கூடியது எதுவோ அதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். மிகச் சிறிய வித்தியாசத்திலும் இது நடக்கும். சினிமாப் பாடலின் சத்தத்தைக் குறைத்துச் சமப்படுத்தி மாற்றி மாற்றிப் போட்டேன். இளைஞர் இரண்டு மூன்று தரம் திருப்பிக் கேட்டார். இடைவெளி இருந்தது, ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இல்லை. ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் வழமையான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் -14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுகின்றன என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அப்புறம், அந்தச் சினிமாப் பாடலுக்குப் பின்னால் இசையமைப்பாளர், புரோகிராமர், வாத்தியக்காரர், மிக்ஸ் செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. இங்கே ஒரு ஆள், கடை மூடிய பிறகு.

அடுத்தது இரவு. வீட்டார் எழும்பிவிடுவார்கள் என்று மிக மெதுவாக வைத்துக் கேட்பார். சத்தம் குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களை மற்றவற்றைவிடக் கூடுதலாக இழக்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஆகவே இரவில் பேஸ் காணாது என்று ஏற்றுவார். காலையில் கடைக்குப் போகும் வழியில் சிநேகிதனின் ஓட்டோவில் போட்டால் அது இடிபோல விழும். “ராத்திரி நல்லா இருந்தது, விடியப் பார்த்தா குப்பை” என்று அவர் சொன்னது கற்பனை அல்ல. இரவில் ஒரு பாடலும் காலையில் வேறொரு பாடலும்தான் அவர் காதில் விழுந்திருக்கின்றன. அதை அவர் தன் திறமையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று, கேட்ட தடவைகள். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதால் மட்டுமே அதன்மேல் விருப்பம் கூடும் என்று ரொபர்ட் சயொன்க் 1968இல் காட்டினார். இசையில் அந்த விருப்பம் ஓர் உச்சிக்குப் போய்ப் பின் சரியும் என்பது டானியல் பெர்லைன் முதலானோரின் ஆய்வுகளிலிருந்து வந்த விளக்கம். எட்டு பாரை ஓர் இரவில் நூறு தரம் ஓடவிடும் ஒருவர் அந்தச் சரிவின் அடியில் நின்றுகொண்டு தன் பாடலை எடைபோடுகிறார். கேட்கப்போகிறவர் அதை முதல்தரம் கேட்பவர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அக்காவுடையது. திரும்பப் பாடுவதற்கு அவர் நிபந்தனை வைத்தார். பாடிய அன்றே மூலப் பதிவுகள் அவருக்கு ஒரு பென்டிரைவில் வர வேண்டும். அவர் சம்மதமில்லாமல் எதையும் அழிக்கக் கூடாது. வெளியிடுவதா இல்லையா என்பதை இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இளைஞருக்கு இது கொஞ்சம் கடுமையாகப் பட்டது. நான் அக்காவின் பக்கம் நின்றேன். தன் வேலையைப் பற்றி ஒருவர் எப்படியும் உணரலாம். இன்னொருவரின் குரல் அதற்குள் இருக்கும்போது, அந்த உணர்வுக்கு அழிக்கும் அதிகாரம் கிடையாது.

இளைஞர் என்னையே மிக்ஸ் செய்து தரச் சொன்னார். மறுத்தேன். சத்தம் துப்புரவாக வந்திருக்கும். ஆனால் “அண்ணை செய்தபடியால்தான் நல்லா வந்தது” என்ற இன்னொரு வரி அந்த இரண்டாவது பக்கத்தில் சேர்ந்திருக்கும். பக்கத்தில் இருந்து கேட்பேன், கை வைக்கமாட்டேன் என்று சொன்னேன்.

சிநேகிதர்களிடம் போட்டுக்காட்டி அபிப்பிராயம் கேட்கலாமே என்ற யோசனையையும் தள்ளிவைத்தோம். அவர்கள் “சுப்பர் மச்சான்” என்றால் சும்மா சொல்கிறார்கள் என்பார், குறை சொன்னால் அதையே ஆதாரமாக எடுப்பார். முடியும் வரை கேட்பவர்கள் மூன்று பேர் மட்டும் என்று வைத்தோம்.

வேலைக்கு ஒரு விதி: நேரம் குறித்த குறையை மட்டுமே திருத்தலாம். நேரம் இல்லாதவற்றை இரண்டாவது பக்கத்தில் எழுதி வைக்கலாம், ஆனால் அவற்றுக்காக ஒரு டிராக்கும் சேர்க்கக் கூடாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவும் சொல்லவில்லை. அதில் எழுதியிருந்தவை உண்மையான கவலைகள், மிக்ஸிங்கில் தீராதவை, அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குப் பிறகு பேஸிலோ சத்த அளவுகளிலோ கை வைக்கக் கூடாது. மெட்டு, தாளம், அடுக்கு வேலைகளை இரவில் செய்யலாம். மிக்ஸ் காலையில்.

கடைசியாக, ஒரு நாள். கலியாண வீடியோ வேலைகளை அவர் முடித்ததற்குக் காரணம் யாரோ காத்திருந்தார்கள் என்பதுதான். அக்காவின் வகுப்பில் புரட்டாதியில் வாணி விழா வரும். அதற்கு முன் பாடல் முடிந்திருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார்.

இதில் எனக்கு நம்பிக்கை தந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. தன் கையால் செய்த பொருளை மனிதர் அதன் உண்மையான தரத்தைவிட உயர்வாக மதிப்பார்கள் என்று நோர்டன், மொக்கன், ஏரியலி மூவரும் 2012இல் எழுதினார்கள். செய்து முடிக்காதவர்களிடமும், செய்ததைக் கலைத்தவர்களிடமும் அந்த மதிப்பு காணாமல் போனது என்பது அதன் இன்னொரு பாதி. பிடித்த பிறகு முடிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவில்

0:42இல் குறித்த குறை மற்றவை போல இலகுவில் தீரவில்லை. இளைஞர் பாவித்தது ஒரு சாம்பிள் பக், அதாவது முன்னரே பதிந்து விற்கும் ஒலித் துண்டுகளின் தொகுப்பு. ஒவ்வோர் அடியும் ஒரே பலத்தில், தனித்தனியாக விழும். தவில் அப்படி இல்லை. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், தொப்பியில் கழி, இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர் போன ஊர்கள். தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றி இன்றும் பெரியவர்கள் கதைக்கும் மண் இது. திருவிழாக்களில் தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சாம்பிள் தவில் கூசியதில் வியப்பில்லை. அவர் காது சரியாகத்தான் சொன்னது. இதை அவரிடம் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் தன் காதின் எந்தச் சொல்லையும் நம்பாத நிலைக்கு அவர் அப்போது வந்திருந்தார்.

அக்காவுக்குத் தெரிந்த ஒரு தவில் கலைஞர் இணுவில் பக்கம் இருந்தார். அறைக்குள் தவிலை வைத்தால் சுவரெல்லாம் சேர்ந்து அடிக்கும் என்பதால் அவர் வீட்டு வளவில், மாமரத்தடியில் பதிந்தோம். மைக்கை நெருக்கி வைக்காமல் நன்றாகத் தள்ளி வைத்தோம். அவர் முதலில் பாடலை ஒருதரம் முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “பாட்டு நல்லாக் கிடக்கு தம்பி. ஆனா எனக்கு நிக்க இடம் விடேல்லையே.”

அன்று பின்னேரமே இளைஞர் இரண்டாவது சரணத்திலிருந்த அடுக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தார். நான் சொல்லியும் முன்னர் எடுக்க மனம் வராதவை அவை. தவிலுக்கு இடம் வேண்டும் என்றதும் எடுத்துவிட்டார். குரலும் தானாக மேலே வந்தது.

முடிப்பும் வெளியீடும்

அக்கா திரும்பப் பாடினார். பதிவைக் கேட்டதும் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை என்றார். இது பலருக்கும் வருவது. நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்கு வந்து தாழ்ந்த சுரங்களைக் கூட்டிக் காட்டும், பதிவில் அது இராது. ஹோல்ஸ்மனும் ரவுசியும் 1966இலேயே இந்தக் கூச்சத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அக்காவுக்கும் அதே விதியைத்தான் வைத்தோம். நேரம் குறித்து எழுதினார். ஒரு இடம் மட்டும் சுருதி சற்று இறங்கியிருந்தது. அதைத் திரும்பப் பாடினார், மற்றதை விட்டுவிட்டார்.

ஓட்டோவில் போட்டுப் பார்த்து பேஸைக் குறைத்தார். வாணி விழாவுக்கு முன் பாடல் முடிந்து யூரியூப்பில் ஏறியது. வகுப்புப் பிள்ளைகள் விழாவில் அதைப் போட்டுக் கேட்டார்கள். சில நூறு பேர் கேட்டிருக்கிறார்கள், அநேகமாகச் சொந்தக்காரரும் வெளிநாட்டில் இருப்பவர்களும். மாமா போன் எடுத்து, இன்னும் கொஞ்சம் டிரம்ஸ் போட்டிருக்கலாம் என்றாராம். எந்த இடத்தில் மாமா என்று கேட்டதாக இளைஞர் சொன்னார். மாமா ஓர் இடத்தைச் சொன்னார், அதை எழுதி வைத்திருக்கிறார்.

அதன் பின்

பாடல் அவருக்குப் பிடித்துவிட்டதா என்றால், இல்லை. கேட்டால் இன்னும் நாலைந்து இடம் சொல்லுவார், எல்லாம் நேரத்தோடு. அவற்றை அடுத்த பாடலுக்கான குறிப்பாக எடுத்துவைத்திருக்கிறார்.

இரண்டாவது பக்கத்தில் இருந்தவை வெவ்வேறு வழியில் போயின. “சங்கீதம் படிக்கேல்லை” என்பதற்கு அவர் சனிக்கிழமைகளில் அக்காவின் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து சரளி வரிசை பாடத் தொடங்கியிருக்கிறார். “ஆக்கள் என்ன சொல்லுவினம்” மட்டும் அப்படியே நிற்கிறது. பாடலில் தன் சொந்தப் பெயரைப் போடவில்லை, ஒரு புனைபெயர்தான் போட்டிருக்கிறார். அக்காவுக்கு அதில் மனவருத்தம். நான் வற்புறுத்தவில்லை.

அக்காவும் தம்பியும் இப்போது கதைக்கிறார்கள். ஆனால் முதல் பதிவில், சரணத்தின் முடிவில் குரல் தானாக வழுகி விழுந்த ஒரு இடம் இருந்தது. எத்தனை தரம் பாடியும் அது திரும்பி வரவில்லை என்று அக்கா சொல்கிறார். மாமாவின் எம்பி3இல் அது கேட்கிறது, பேஸுக்கு அடியில், பிரித்தெடுக்க முடியாமல். அந்த இழப்பு இழப்புத்தான்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

என் அறையில் இப்போது யார் பாடினாலும் வாசித்தாலும், மூலப் பதிவின் பிரதி அன்றே அவர்கள் கையோடு போகிறது. பாட்டுக்காரரும் இசை செய்பவரும் ஒரே குடும்பமாக இருந்தாலும் இதுதான் வழக்கம்.

மிக்ஸிங் படிக்க வருபவர்களுக்கு சத்தத்தைச் சமப்படுத்தி ஒப்பிடுவதை முதல் வகுப்பிலேயே காட்டுகிறேன். ஈக்யூ, கம்ப்ரெசர் போன்ற ஒலி திருத்தும் கருவிகள் எல்லாம் அதற்குப் பிறகு. எந்த நேரத்தில், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்கிறேன்.

தன் வேலையை அழிப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. நித்திரை, சாப்பாடு, வேலை எப்படி என்று இளைஞரிடமும் விசாரித்தேன். கண்முழிப்பைத் தவிர வேறு குறை தெரியவில்லை. அவை குழம்பியிருந்தால், அல்லது வெறுப்பு பாடலைத் தாண்டித் தன்மேலேயே திரும்பியிருந்தால், அது ஒலிப்பதிவு அறையில் தீர்க்கிற விஷயமல்ல. வைத்தியரிடம் போக வேண்டும். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வாத்தியக்காரரை முன்னரே கொண்டுவர வேண்டும் என்பதை இளைஞரே சொன்னார். புதிய பாடல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். மெட்டும் ஒரு தம்புரா சுருதியும் மட்டுமே கணினியில் இருக்கும் நிலையில், இணுவில் தவில்காரரிடம் அதைக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டியாயிற்று. தைப்பொங்கல் கழிந்து பதிவு வைப்பதாகப் பேச்சு.